அமெரிக்கன் சில்வர் ஈகிள்: முன்பக்கம் 1916, பின்பக்கம் 2021

காசுமாலைக்கு அச்சு வெட்டுவது என் தொழில். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் பட்டறை. அதனால் யார் நாணயத்தை நீட்டினாலும், உருவம் யாருடையது என்று பார்ப்பதற்கு முன், தளத்தை விட்டு எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று சாய்த்துத்தான் பார்ப்பேன். இந்த விமர்சனமும் அந்தக் கண்ணோடுதான். வெள்ளி விலை ஏறுமா இறங்குமா என்று கேட்டு வந்தவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது.

வாங்கியது மூன்று. புதிய பின்பக்கத்தோடு வரும் ஒரு சில்வர் ஈகிள் (அமெரிக்க அரசு வெளியிடும் முதலீட்டு வெள்ளி நாணயம்), 1943ஆம் ஆண்டு அரை டாலர் ஒன்று, 2022இல் வந்த பெண்கள் வரிசை கால் டாலர்கள். எல்லாம் கோல்மன் ஸ்ட்ரீட் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில், சிட்டி ஹால் எம்ஆர்டியிலிருந்து நடக்கிற தூரம். அங்குள்ள நாணயக் கடைகளில் பூதக்கண்ணாடி கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள். பாதி மதிப்பெண் அதற்கே போட்டுவிட்டேன்.

முதலில் ஈகிள். 40.6 மில்லிமீட்டர் அகலம், 31.1 கிராம், 999 வெள்ளி. முதலீட்டு வெள்ளி என்பதால் ஜிஎஸ்டி இல்லை. ஆனால் அதே எடைக்கு வெள்ளிக்கட்டி மலிவு. கூடுதலாகக் கொடுக்கும் காசு முழுக்க முன்பக்கத்துப் பெண்ணுக்குத்தான்.

கொடுக்கலாம். சுதந்திரத்தின் பெண் உருவமான லிபர்ட்டி சூரியனை நோக்கி நடக்கிறாள். தோளில் கொடி, காற்றில் பறக்கும் முந்தானை மாதிரி. துணி மடிப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உயரம் இருக்கிறது, விளக்கைத் திருப்பினால் நிழல் நகர்கிறது. 1916இல் அரை டாலருக்காக அடால்ஃப் வைன்மன் செய்த உருவம் இது. 1947 வரை அதை அச்சடித்தார்கள். 1986இல் ஈகிள் தொடங்கியபோது அதையே எடுத்துப் போட்டார்கள். 2021இல் அவருடைய மூல வடிவத்துக்கு நெருக்கமாகத் திருத்தி, அவர் முத்திரையையும் சேர்த்தார்கள். பழைய பின்பக்கம் ஜான் மெர்கன்டி செய்த கேடயக் கழுகு, அரசாங்கக் கடிதத் தலைப்பு பார்த்த உணர்வு. புதியது எமிலி டாம்ஸ்ட்ரா வரைந்தது. ஓக் கிளையைக் கவ்விக்கொண்டு கூட்டில் இறங்கப் போகும் கழுகு. இறகுக்கு எடை தெரிகிறது. உயிருள்ள ஒருவர் செய்த நல்ல வேலை என்பதால் இரண்டு மடங்கு சந்தோஷம்.

ஏனென்றால் என் குறையே அங்கேதான். அமெரிக்கர்கள் அழகான நாணயம் வேண்டும் என்றால் இன்னும் தாத்தாக்களின் பெட்டியைத்தான் திறக்கிறார்கள். 1904இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தன் நாட்டுக் காசு அருவருப்பாக இருக்கிறது என்று நிதிச் செயலருக்குக் கடிதமே எழுதினார். பழைய கிரேக்கக் காசு மாதிரி புடைப்பு வேண்டும் என்று சிற்பி செயின்ட் காடன்ஸைப் பிடித்தார். 1907இல் வந்த 20 டாலர் தங்கக் காசில் ஒரே அடியில் உருவம் நிறையவில்லை, திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. அடுக்கினாலும் நிற்காது. நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் கடைசியில் அதைத் தட்டையாக்கினார். பார்பரை எல்லோரும் திட்டுகிறார்கள். தினமும் அச்சு உடைந்து கூலி கொடுப்பவனுக்கு அவர் மேல் கொஞ்சம் பரிதாபம் வரும்.

ஆனாலும் அந்த வேகத்தில் பதினைந்து வருடம் நல்ல காசு வந்தது: பிரென்னரின் லிங்கன் சென்ட், ஃப்ரேசரின் காட்டெருமை நிக்கல் (ஐந்து சென்ட்), வைன்மனின் இந்த லிபர்ட்டி, 1921இல் பீஸ் டாலர். அப்புறம் அதிபர் தலைகள் வரிசை கட்டின. 1932 வாஷிங்டன், 1938 ஜெஃபர்சன், 1946 ரூஸ்வெல்ட் (இவர் இன்னொரு ரூஸ்வெல்ட்), 1964 கென்னடி. 25 வருடத்துக்குள் வடிவத்தை மாற்றக் கூடாது என்று 1890லேயே சட்டம் இருந்தது. ஆனால் 25 முடிந்த பிறகும் இறந்த அதிபரைக் கழற்ற யாருக்குத் துணிச்சல் வரும்? 1965இல் டைமிலும் (பத்து சென்ட்) கால் டாலரிலும் வெள்ளி போய் செம்பு நிக்கல் வந்தது. கடின உலோகம் அச்சைச் சீக்கிரம் தின்னும். புடைப்பைக் குறைத்தால்தான் அச்சு தாங்கும்.

கால் டாலர்களுக்கு வருகிறேன். இவற்றில் உள்ள வாஷிங்டன், 1932 கால் டாலருக்காக லாரா கார்டின் ஃப்ரேசர் செய்தது. நுண்கலை ஆணையம் அவரைத்தான் பரிந்துரைத்தது, நிதிச் செயலர் மெலன் ஜான் ஃபிளனகனைத் தேர்ந்தெடுத்தார். தொண்ணூறு வருடம் கழித்து லாரா செய்த வாஷிங்டன் தலை புழக்கக் காசில் ஏறியது. தாடை உறுதியாக இருக்கிறது, நல்ல வேலை. பின்பக்கங்களில் கவிஞர் மாயா ஏஞ்சலோவும் நடிகை அன்னா மே வோங்கும் டாம்ஸ்ட்ரா வரைந்தவை. அன்னா மே வோங் தியேட்டர் விளக்குகளுக்கு நடுவே கன்னத்தில் கை வைத்திருக்கிறார். படம் அழகு, ஆனால் விரலால் தடவினால் ஒன்றுமே இல்லை. தாளில் அச்சிட்டது போலத் தட்டை. 1999 முதல் 2008 வரை வந்த மாநிலக் கால் டாலர்களைவிட இது எவ்வளவோ தேவலாம். அவற்றில் பல, மாநில வரைபடத்துக்குள் பறவை, பூ, கருவி எல்லாவற்றையும் கொட்டி வைத்தவை.

நம்ம ஊரைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. 1967இல் ஸ்டூவர்ட் டெவ்லின் செய்த பத்துக் காசு கடற்குதிரையும் ஐம்பது காசு சிங்கமீனும் என் பெட்டியில் இருக்கின்றன. 2013 வரிசையில் அதே பத்துக் காசில் வீவக (அரசாங்க வீடமைப்பு) அடுக்குமாடி. வீட்டுக்கு நன்றி உண்டு, காசுக்குக் கடற்குதிரைதான்.

1943 அரை டாலரை வாங்குபவர்கள் லிபர்ட்டியின் இடது கையைப் பாருங்கள். பெரும்பாலும் விரல்கள் மங்கி இருக்கும். அது தேய்மானம் மட்டுமல்ல. முன்னும் பின்னும் ஒரே இடத்தில் அச்சு ஆழமானால் வெள்ளி இரண்டுக்கும் போதாது. என்னுடையதில் கட்டைவிரல் தெரிகிறது, அதற்கே கூடுதலாகக் கொடுத்தேன்.

ஒரு புகார். வேறொரு கடையில் முன்பு வாங்கிய ஈகிளை மெல்லிய பிவிசி உறையில் போட்டுத் தந்தார்கள். நம் ஊர் ஈரத்தில் பச்சையாகப் பிசுபிசுத்துவிட்டது. கடினமான கேப்சூல் கேட்டு வாங்குங்கள்.

பட்டறைக்கு வந்த ஒரு அக்கா, “தம்பி, இந்த ஈகிள்ல ஒரு வளையம் பத்த வச்சுத் தர்றீங்களா?” என்று கேட்டார். நாணயத்தில் சூடு காட்ட மாட்டேன் என்று சொல்லி, சுற்றிப் பிடிக்கும் வெள்ளி பிரேம் செய்து கொடுத்தேன். கழற்றி எடுக்கலாம்.

ஈகிளுக்கு ஐந்தில் நாலு, கால் டாலர்களுக்கு இரண்டரை, அரை டாலருக்கு நாலரை. 2026இல் அமெரிக்க சுதந்திரத்தின் 250ஆம் ஆண்டுக்காக டைமில் ரூஸ்வெல்ட்டை எடுத்துவிட்டு லிபர்ட்டியை வைத்திருக்கிறார்கள், புது வடிவம். கைக்கு வந்ததும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு இங்கேயே மதிப்பெண் சேர்க்கிறேன்.