லேப்டாப்பை ‘ஸ்டார்ட்டப் கிளீன்’ செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: கிருஷ்ணகிரியில் எனக்கு நடந்தது

காவேரிப்பட்டணத்தில் இரண்டு மாங்காய் மண்டிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். சீசன் வந்துவிட்டால் மே, ஜூன் இரண்டு மாதமும் ராத்திரி பன்னிரண்டுக்கு முன்னால் படுத்ததில்லை. பெங்களூரா மாங்காய் லோடு எந்நேரம் இறங்கினாலும் எடைச்சீட்டின் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்து விழும். பக்கத்தில் பிள்ளை தூங்கும் என்பதால் டியூப்லைட் போடாமல், கீபோர்டுக்குள் எரியும் வெளிச்சத்திலேயே டைப் செய்வேன். அந்த வெளிச்சத்துக்காகவே இரண்டாயிரம் கூடக் கொடுத்து வாங்கிய ஆசஸ் லேப்டாப் அது.

ஆன் செய்தால் டீ போட்டுக் குடித்துவிட்டு வரும் அளவுக்கு நேரம் எடுத்தது. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். “ஸ்டார்ட்டப்ல நிறைய ஓடுது மேடம், கிளீன் பண்ணா சரியாயிடும்” என்றார் கடைக்காரர். ஆன் ஆகும்போதே தானாகத் தொடங்கும் புரோகிராம்களைக் குறைப்பதைத்தான் அப்படிச் சொன்னார். 400 ரூபாய். சாயங்காலம் வாங்கி வந்தேன். வேகம் கொஞ்சம் கூடியது போலத்தான் தெரிந்தது.

அன்று ராத்திரி கீபோர்டு விளக்கு எரியவில்லை. டச்பேடை நிறுத்தும் பட்டன், மைக் மியூட் பட்டன் இரண்டும் அப்படியே கிடந்தன. எழுத்து விசைகளில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

மறுநாள் திரும்பக் கொண்டுபோனேன். அந்த மூன்று பட்டன்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “கீபோர்டு போயிடுச்சு, தண்ணி ஏதாவது பட்டிருக்கும்” என்றார். தண்ணீரே படவில்லை என்று சொன்னேன். “உங்களுக்குத் தெரியாம பட்டிருக்கும்” என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? 2,600 ரூபாய்க்குப் புதுக் கீபோர்டு போட்டார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் ‘கீ 2600’ என்று எழுதிக் கொடுத்தார். ஊருக்கெல்லாம் ஜிஎஸ்டி பில் சரிபார்க்கிறவள், அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த மூன்றும் இன்னும் வேலை செய்யவில்லை. போனில் கேட்டேன். “அப்போ மதர்போர்டு கம்ப்ளைன்ட், 7,500 ஆகும்” என்றார். நல்ல வேளையாக அந்த ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து சித்தி மகன் வந்தான்.

அவன் முதலில் குரோமைத் திறந்து, விளக்குப் பட்டனான எஃப்7-ஐ எஃப்என் (Fn) பட்டனோடு சேர்த்து அழுத்தினான். ‘கேரட் பிரவுசிங்’ வேண்டுமா என்று கேட்டு ஒரு பெட்டி வந்தது. எஃப்7 அழுத்தியது போய்ச் சேர்ந்தால்தான் குரோம் அப்படிக் கேட்கும். “கீ செத்திருந்தா, மதர்போர்டு போயிருந்தா இது எப்படிக்கா வரும்?” என்றான். அப்புறம் விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, ‘எம்எஸ்கான்ஃபிக்’ (msconfig) என்று அடித்து, சர்வீசஸ் பக்கத்தைத் திறந்தான். பின்னணியில் ஓடும் புரோகிராம்களின் பட்டியல் அது. மைக்ரோசாஃப்ட் அல்லாத சர்வீஸ் அத்தனையிலும் டிக் எடுக்கப்பட்டிருந்தது. அதில் ஒன்று ‘ஆசஸ் ஆப்டிமைசேஷன்’.

விஷயம் இதுதான். எழுத்து விசைகளை விண்டோஸ் நேரடியாகவே புரிந்துகொள்ளும். விளக்கு, டச்பேடு, மைக் மாதிரியான தனிப் பட்டன்கள் பல லேப்டாப்களில் அப்படியில்லை. அழுத்தினால் ஒரு சிக்னல் போகும், அவ்வளவுதான். அதை வாங்கி வேலையை நடத்துவது, லேப்டாப் ஆன் ஆகும்போதே பின்னணியில் தொடங்கும் கம்பெனி சர்வீஸ். ஆசஸில் இந்தப் பெயர். ஹெச்பியில் ‘ஹாட்கீ’ என்றும் லெனோவோவில் ‘ஃபங்ஷன் கீஸ்’ என்றும் பெயருக்குள் வரும். அதை நிறுத்தினால் மிச்சமாகும் மெமரி ஒன்றும் பெரிதல்ல. கடைக்காரர் எது எதற்கு என்று பார்க்கவே இல்லை. மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைத்துவிட்டு ‘டிசேபிள் ஆல்’ என்று ஒரே அழுத்து. கோளாறு எங்கே என்று தேடும்போது தற்காலிகமாகச் செய்துவிட்டு, பிறகு பழையபடி மாற்றிவைக்க வேண்டிய வேலை அது. அதற்குத்தான் 400 ரூபாய்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் டிக் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அதே பக்கத்தில் வலது ஓரமாக ‘டேட் டிசேபிள்டு’ என்று ஒரு கட்டம் இருக்கும். சர்வீஸை நிறுத்திய தேதியும் நேரமும் அதில் நிற்கும். என்னுடையதில் எல்லா வரியிலும் ஒரே நேரம், சாயங்காலம் 4.52. அப்போது லேப்டாப் கடையில் இருந்தது. தம்பி சொல்லி அதை மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டேன். திரும்ப டிக் போட்டுவிட்டால் அந்தத் தேதி போய்விடும்.

டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் டச்பேடு பட்டனும் மைக் பட்டனும் உயிர் பெற்றன. ஆன் ஆவதை மெதுவாக்கியவை வேறு. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பட்டியலில் ‘ஹை’ என்று காட்டிய நான்கு ஆப்களை, எது என்னவென்று என்னிடம் கேட்டுக் கேட்டு நிறுத்தினான். பத்து நிமிஷ வேலை.

விளக்கு மட்டும் எரியவே இல்லை. தம்பி கீபோர்டைச் சாய்த்து, டார்ச் அடித்துப் பார்த்தான். “அக்கா, இதுல லைட்டே கிடையாது. எழுத்தெல்லாம் மேல பிரிண்ட் பண்ணது, வெளிச்சம் வெளிய வர வழியே இல்ல பாரு.” 4 விசையில் இருந்த ரூபாய்க் குறியையும் காணோம். நடுவில் தட்டினால் மொத்தமும் லேசாக அமுங்குகிறது. நல்ல கீபோர்டைக் கழற்றிக்கொண்டு மட்டமான ஒன்றை, அதுவும் என் காசிலேயே, மாட்டியிருக்கிறார்.

திங்கட்கிழமை போட்டோவோடு போய் நின்றேன். “சாஃப்ட்வேர்ல நாங்க கையே வைக்கல” என்றார் முதலில். நேரத்தைக் காட்டியதும், “பையன் பண்ணியிருப்பான்” என்றார். பழைய கீபோர்டைக் கேட்டேன். ஸ்கிராப்பில் போட்டாயிற்றாம். 400 ரூபாயை மட்டும் எடுத்து மேஜையில் வைத்தார். நான் தொடவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். ‘கீ 2600’ சீட்டையும் 4.52 போட்டோவையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.