கேமராவை அணைத்துவிட்டு ஆள் போட்டோம்

கூடலூர் பக்கம், முதுமலைக் காட்டை ஒட்டி எங்கள் 11 குடும்பங்கள். தேயிலை, பாக்கு, கொஞ்சம் குறுமிளகு, வீட்டுக்கு இரண்டு பலா. 3 வருடத்துக்கு முன் பங்கு போட்டுக் காட்டோரத்தில் 6 கேமரா வைத்தோம். யானை வந்தால் எல்லார் போனிலும் அலாரம் அடிக்கும். போன மே மாதக் கூட்டத்தில் அதை நிறுத்திவிட்டுக் காவலுக்கு ஆள் போடலாமா என்று பேச்சு வந்தது. நிறுத்தலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைக்க வேண்டாம்.

கேமராவின் நல்லதெல்லாம் தெரிந்ததுதான். தூங்காது, சம்பளம் கேட்காது, பயிர்ச்சேத மனுவோடு வைக்கப் படம் கிடைக்கும். காகிதத்தில் கணக்குப் போட்டால் இரண்டே வருடத்தில் காவல்காரரைவிட மலிவு.

காகிதத்தில் இல்லாதது பராமரிப்பு. ஜூனில் மழை பிடித்தால் சோலார் தகடு வாரக்கணக்கில் வெயில் பார்க்காது, பாட்டரி இறங்கிவிடும். பலா பழுப்பதும் எங்கள் பக்கம் யானை அதிகம் இறங்குவதும் அதே சமயம். யாருக்கும் தேவைப்படாத பிப்ரவரியில் மட்டும் ஜோராக வேலை செய்யும்! மூடுபனி வந்தால் அகச்சிவப்பு வெளிச்சம் பனியிலேயே பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளை. 3-ஆவது கம்பத்துப் பெட்டியைத் திறந்தால் எறும்பு முட்டையோடு குடியிருந்தது. வயர் முனையெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. சரிசெய்ய ஆள் கோவையிலிருந்து வர 9 நாள்.

அதைவிட மோசம் பொய் அலாரம். பன்றி, மான், லென்ஸ் முன்னால் கட்டிய சிலந்தி வலை என்று எதற்கும் அடிக்கும். ஒரு ராத்திரி பொறுக்க முடியாமல் என் மனைவி போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அன்றைக்குத்தான் ஒத்தைக் கொம்பன் வந்து பக்கத்து வீட்டுச் சமையலறைச் சுவரைத் தள்ளியது. அலாரம் ஒழுங்காகத்தான் அடித்திருந்தது. யாரும் எழவில்லை.

பணம் இருந்தால் சரியாகிவிடும் என்றார்கள் சிலர். மெக்சிகோ எல்லையில் அமெரிக்கா 2006-ல் எஸ்பிஐநெட் என்று கோபுரம், ரேடார், கேமராவோடு ஒரு மெய்நிகர் வேலியைத் தொடங்கியது. அரிசோனாவில் 53 மைலுக்கு ஏறக்குறைய 100 கோடி டாலர் போனது. அங்கேயும் மழைக்கு ரேடார் குழம்பியது. 2011 ஜனவரியில் அமைச்சர் ஜேனட் நப்போலிடானோ திட்டத்தையே மூடினார். இன்னொரு பக்கமும் உண்டு: மதுக்கரை ரயில் பாதையோரம் வனத்துறை 2024-ல் 12 கோபுரத்தோடு யானைக் கண்காணிப்பு தொடங்கியது. ஆனால் அங்கே கட்டுப்பாட்டு அறையில் பார்ப்பதற்கென்றே ஆள் இருக்கிறது. எங்களுக்குப் பார்க்கிற ஆளும் நாங்களே, தூங்குகிற ஆளும் நாங்களே.

இப்போது இரண்டு பேர் முறை வைத்துப் பரணில் இருக்கிறார்கள்: எஸ்டேட் காவலில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பக்கத்துப் பணியர் பழங்குடிக் குடியிருப்புப் பையன் ஒருவன். பராமரிப்பு என்றால் ரெயின்கோட், டார்ச் பாட்டரி, பிளாஸ்க்கில் கட்டஞ்சாயா. "தம்பி, காத்துக்கு மூங்கில் முறியற சத்தம் வேற, யானை முறிக்கிற சத்தம் வேற" என்பார் பெரியவர். எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்த வீட்டுக்கு மட்டும் போன் போடுவார். அவர் கூப்பிட்டால் எழுந்துவிடுகிறோம்.

ஒரே ஒரு மழைக்காலம்தான் ஆகிறது, அதனால் பெரிதாகப் பேசவில்லை. யானை பரண் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்ற பயமும் போகவில்லை. இருவருக்கும் காப்பீடு எடுப்பதாகத் தீர்மானம் போட்டு 4 மாதமாகிறது, இன்னும் எடுத்தபாடில்லை. இது எங்கள் தப்பு.

மின்கம்பத்துக்குப் பக்கத்தில், பள்ளி வேன் நிற்கும் வளைவில் இருக்கும் ஒரு கேமராவை மட்டும் விட்டுவைத்தோம். மீதி 5 என் வீட்டில் கிடக்கின்றன. பாதி விலைக்குக்கூட ஆள் வரவில்லை. யாருக்காவது வேண்டுமென்றால் தருகிறோம். பாட்டரி மட்டும் கிடையாது, அதைப் பரணில் விளக்குப் போட எடுத்துக்கொண்டோம்.