ஐம்பதாயிரம் ரூபாய் கேமிங் பிசி: மதுரைக் கடைக் கொட்டேஷன் தேறுமா?

மேல மாசி வீதிப் பக்கம் கேட்டாலும் சரி, பைபாஸ் ரோட்டில் கேட்டாலும் சரி, "ஐம்பதாயிரத்தை ஒட்டி ஒரு கேமிங் பிசி" என்றால் கைக்கு வரும் தாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ரைசன் 5 5600ஜி புராசஸர், ஏ520 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி, பிசிக்கு மின்சாரம் தரும் 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், கலர் விளக்கு எரியும் ஆர்ஜிபி கேபினட். கையில் இன்னும் கொஞ்சம் காசு இருக்கிறது என்று தெரிந்தால் அடியில் ஒரு கிராபிக்ஸ் கார்டு சேரும். இந்தத் தாளைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம்.

தாளில் மாடல் பெயரோடு வரும் வரி ஒன்றுதான், புராசஸர். மற்றதெல்லாம் "8 ஜிபி", "450 வாட்ஸ்" என்று வெறும் அளவு. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று இருக்காது. விலை குறைகிற இடமும், ஆறு மாதத்தில் பிசி படுத்துவிடுகிற இடமும் இந்தப் பெயரில்லாத வரிகள்தான். அதனால் எஸ்எம்பிஎஸ் வரியிலிருந்தே தொடங்கலாம்.

"அண்ணே, எஸ்எம்பிஎஸ் என்ன மாடல்?" என்று கேட்டால், "450 வாட்ஸ் தம்பி, எல்லா கேமும் ஓடும்" என்று பதில் வரும். அதோடு விடாதீர்கள். பெட்டியைத் திறந்து பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று பத்திகள் இருக்கும். புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது 12 வோல்ட் பத்தியைத்தான். அங்கே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் கணக்கு எளிது: 12 பெருக்கல் 16, 192 வாட்ஸ். பெட்டியின் மேலே 450 என்று எத்தனை பெரிதாக அச்சடித்திருந்தாலும் அந்த எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டில் தருவது இவ்வளவுதான். ஆர்எக்ஸ் 6600 கார்டு மட்டுமே 132 வாட்ஸ் இழுக்கும். ரைசன் 5 5600 முழு வேலையில் 75 வாட்ஸ் பக்கம் போகும். இந்த இரண்டுமே 207. போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. கேமில் சண்டை உச்சத்துக்குப் போகும்போது பிசி பட்டென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், "கார்டு போச்சு" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இந்த லேபிளைப் பாருங்கள்.

உருப்படியான 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டில் 34 ஆம்பியருக்குக் குறையாது, அதாவது 408 வாட்ஸ். 12 வோல்ட் இரண்டு பத்தியாகப் பிரித்துப் போட்டிருந்தால் இரண்டையும் நீங்களாகக் கூட்டாதீர்கள். கீழே இரண்டுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ் கொடுத்திருப்பார்கள், அதுதான் கணக்கு. "85 சதவீத எஃபிஷியன்சி" என்று கம்பெனியே பெட்டியில் அச்சடித்திருப்பதும், வெளியே சோதித்துத் தரும் 80 ப்ளஸ் சான்றிதழும் ஒன்றல்ல. 80 ப்ளஸ் ப்ரான்ஸ் சின்னம் உள்ள 550 வாட்ஸ் வாங்குங்கள். கார்டுக்கான 6+2 பின் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வர வேண்டும். அது இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸில், ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா பவர் கேபிளை 8 பின்னாக மாற்றும் ஒட்டுக் கேபிளைப் போட்டு ஓட்டிவிடுவார்கள். சாட்டா பவர் கனெக்டர் தாங்குவது 54 வாட்ஸ், 8 பின் கேட்பது 150 வரை. உருகுவது முதலில் அந்த கனெக்டர்தான். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்த பிறகு வாரன்ட்டி பேச முடியாது.

நம் ஊர்க் கரண்டுக்கும் இந்த வரிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த நொடிப் பிசிறில், உள்ளே கெபாசிட்டர் சிறியதாக இருக்கும் மலிவு எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்காது, பிசி ரீஸ்டார்ட் ஆகிவிடும். வீட்டு இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் மோடுக்கு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள், மாறும் நேரம் குறையும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கேமிங் பிசியை ஓட்ட வேண்டாம், சைன் வேவ்தான் சரி. தனி யுபிஎஸ் என்றால் 600 விஏ பொதுவாக 360 வாட்ஸ்தான். கேம் ஓடும் பிசிக்கும் மானிட்டருக்கும் சேர்த்து 300 வாட்ஸ் பக்கம் போகும்போது அது சில நிமிடம்தான் தாங்கும். சேவ் செய்துவிட்டு ஷட்டவுன் போட அது போதும், விளையாட்டைத் தொடர அல்ல.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது என்ற புகாரும் அடிக்கடி வரும். எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போனதாக நினைத்து மாற்றுவார்கள், புதியதிலும் அடிக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரிலிருந்து கசியும் சிறு கரண்ட் எர்த் வழியாக இறங்க வேண்டும். சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருந்தும் பின்னால் எர்த் வயர் இல்லையென்றால் அது கேபினட்டிலேயே நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். கடையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது கார்டு. 5600ஜி-யை நீட்டும்போது கூடவே ஒரு வாக்கியம் வரும்: "இப்போ இதுல ஓட்டுங்க, பிறகு கார்டு போட்டுக்கலாம்." பாதி உண்மை. 5600ஜி-யின் உள்ளே இருக்கும் வேகா கிராபிக்ஸில் வாலரன்ட், ஜிடிஏ 5 போன்றவை செட்டிங்கைக் குறைத்தால் ஓடும். ஆனால் கார்டு போட்ட பிறகு 5600ஜி-யும் 5600-ம் ஒன்றல்ல. புராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரியான எல்3 கேஷ் 5600-இல் 32 எம்பி, 5600ஜி-யில் 16 எம்பி. கார்டோடு பேசும் வழியான பிசிஐஇ, 5600-இல் 4.0, 5600ஜி-யில் 3.0. வருடக் கணக்கில் கார்டு வாங்கப்போவதில்லை என்றால் 5600ஜி நல்ல தேர்வு. மூன்று நான்கு மாதத்தில் கார்டு வரப்போகிறது என்றால் காத்திருந்து 5600-ஆகவே வாங்குங்கள். ஆனால் 5600-இல் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது, அதையும் நினைவில் வையுங்கள். இன்டெல் பக்கம் ஐ5 12400எஃப், எச்610 போர்டோடு கிடைத்தால் அதுவும் இதே தரம்தான். எது மலிவோ அது.

இந்த பட்ஜெட்டில் மொத்தக் காசில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார்டுக்குப் போக வேண்டும். ஃபுல் எச்டி மானிட்டருக்கு ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி, 2021-இல் வந்தது. இன்றும் இந்தக் கொட்டேஷனில் பார்க்க விரும்பும் கார்டு அதுதான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கொடுத்தால் வேண்டாம். அதில் 4 ஜிபி மெமரிதான், போர்டோடு பேச நான்கு லேன், அதாவது நான்கு தடம் மட்டும்தான். 5600ஜி போன்ற பிசிஐஇ 3.0 புராசஸரில் போட்டால் அந்த வழியும் பாதியாகிறது, மெமரி நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி ஓடும். ஆர்டிஎக்ஸ் 3050 என்று எழுதியிருந்தால் 8 ஜிபியா 6 ஜிபியா என்று கேளுங்கள். பெயர் ஒன்று, கார்டு வேறு. 6 ஜிபி-யில் கோர் எண்ணிக்கையும் மெமரி பஸ்ஸும் குறைவு. 70 வாட்ஸில் தனி பவர் கேபிள் இல்லாமலே ஓடும் என்பது அதன் ஒரே நல்ல குணம், பழைய ஆபீஸ் பிசியில் கார்டு ஏற்ற நினைப்பவர்களுக்கு உதவும். ஜிடி 730-ஐ "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்று விற்பதுதான் மனசுக்குப் பொறுக்காதது. 2014-இல் வந்த கார்டு அது. 5600ஜி-யின் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அதைவிட வேகம். அதற்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

ரேம் வரியில் 8 ஜிபி ஒற்றைக் குச்சி. 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியதிலிருந்து இது இன்னும் அதிகமாகிவிட்டது, கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் 5600ஜி-யில் ஒற்றைக் குச்சி போடுவது பெரிய தவறு. அதன் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பயன்படுத்துகிறது. 3200 வேக டிடிஆர்4 குச்சி ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு போட்டால் 51.2. அதனால் 16 ஜிபி ஒரு குச்சியைவிட 8 ஜிபி இரண்டு குச்சி மேல். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் புராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில், ஒன்றிலும் இரண்டிலும் மாட்டினால் இரண்டும் ஒரே சேனலில் போய்விடும், 16 ஜிபி என்று காட்டும், வேகம் மட்டும் வராது. பிசியின் அடிப்படை செட்டிங் இருக்கும் பயாஸில், ரேமை அதன் முழு வேகத்துக்கு ஓட்டும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யாமலே பல கடைகளில் பிசியைக் கொடுத்துவிடுகிறார்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து பாருங்கள். 3200-க்குக் காசு கொடுத்து 2400 என்று காட்டினால் அதுதான் காரணம். பயாஸுக்குள் ஒரு நிமிட வேலை.

போர்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 65 வாட்ஸ் புராசஸருக்கு ஏ520 போதும். பின்னால் எட்டு கோர் போடும் எண்ணம் இருந்தால் பவர் பகுதியில் ஹீட்சிங்க் உள்ள பி550 வாங்கலாம். எஸ்எஸ்டி-யில் எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். அதே வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இ-யும் வரும். சாட்டா நொடிக்கு 550 எம்பி வேகத்தோடு நின்றுவிடும், என்விஎம்இ அதைவிட வேகம். தாளில் என்விஎம்இ என்று எழுதி வாங்குங்கள்.

கேபினட்டுக்கு இந்த ஊரில் தனி மரியாதை கொடுக்க வேண்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பின்னால் மூன்று ஆர்ஜிபி ஃபேன், கடையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணாடிக்கும் ஃபேனுக்கும் நடுவே காற்று வர விரற்கடை இடம்தான். சித்திரை வெயிலில், மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையில், மதியம் 38 டிகிரி சாதாரணம். அறை 25 டிகிரியில் இருக்கும்போது 72 காட்டும் புராசஸர் அப்போது 85-ஐத் தொடும். 5600-இன் எல்லை 90. அதை நெருங்கியதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "காலையில நல்லா ஓடுது, மதியம் லேக் ஆகுது" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முன்பக்கம் கம்பிவலை உள்ள கேபினட், முன்னால் உள்ளிழுக்கும் ஃபேன் இரண்டு, பின்னால் வெளித்தள்ளும் ஃபேன் ஒன்று. விளக்கு எரிய வேண்டிய அவசியமில்லை. ஃபேனின் சட்டம் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். முன் ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்று அதை வைத்துப் பார்த்துவிடலாம். ரோட்டோர வீடென்றால் தூசி வலையை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

"ஐ7 கேமிங் பிசி, பாதி விலை" என்ற இன்னொரு தாளும் ஊரில் சுற்றுகிறது. ஐ7 2600 என்றால் 2011, ஐ7 3770 என்றால் 2012. எச்61 போர்டு புதிதாகச் செய்தது, மேலே ஆர்ஜிபி கேபினட், அதனால் எல்லாமே புதிதுபோலத் தெரியும். இன்டெல்லில் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது எட்டாவது தலைமுறை முதல்தான். விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். இந்த பிசியில் அதற்கு வழியில்லை. வாங்கும் பையன்களில் பாதிப் பேர் வாலரன்ட்டுக்காகவே வாங்குகிறார்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கினால், கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆர்எக்ஸ் 580 என்று விற்கும் கார்டில் 2304-க்குப் பதில் 2048 ஷேடர் கோர் காட்டினால் உள்ளே இருப்பது ஆர்எக்ஸ் 570-க்கு இணையானது.

பிசி தயாரானதும் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள், அரைமணி நேரம் ஆகட்டும். மானிட்டர் கேபிள் போர்டில் அல்ல, கார்டில் செருகியிருக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் 60-லேயே நிற்கும். போன் கேமை பிசியில் ஓட்டும் எமுலேட்டரில் ஃப்ரீ ஃபயர் ஆடுபவர்கள், அதற்கு வேண்டிய எஸ்விஎம் என்ற செட்டிங்கை பயாஸில் ஆன் செய்யச் சொல்லுங்கள். சைடு கதவை மூடிவிட்டு ஒரு கேமை ஓட விட்டு டெம்பரேச்சரைக் கவனியுங்கள். ஏசி போட்ட கடையில் வரும் எண்ணோடு பத்துப் பதினைந்து டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் வீட்டு எண்.

பில்லை ஜிஎஸ்டி-யோடு வாங்குங்கள். 18 சதவீதம் மிச்சம் என்று வெள்ளைத் தாளில் எழுதி வாங்கினால் வாரன்ட்டி கடைக்காரரின் வாய்வார்த்தையில் நிற்கும். "கேமிங் பிசி ஒன்று" என்று ஒரே வரியாகப் போட விடாதீர்கள். ஒவ்வொரு பாகமும் தனி வரி, பக்கத்தில் சீரியல் நம்பர். கார்டு, எஸ்எம்பிஎஸ், போர்டு மூன்றுக்கும் சர்வீஸ் மதுரையிலேயே உண்டா, வெளியூருக்கு அனுப்ப வேண்டுமா, அனுப்பும் செலவு யாருடையது என்று காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டு பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். காலிப் பெட்டிகளையும் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். கார்டை கூரியரில் அனுப்ப அதன் சொந்தப் பெட்டிதான் பத்திரம்.