கார்பனேஷன் செட் வாங்குவோர் கவனத்திற்கு

வீட்டில் நொதிக்கவைக்கும் கொம்புச்சா (நொதித்த தேநீர்), இஞ்சிப் பானம் போன்றவற்றில் கரியமில வாயுவை ஏற்றிப் பாட்டிலில் அடைப்பதற்காக, கெக் (பானத்தை அழுத்தத்தில் வைக்கும் உலோகக் கலன்), ரெகுலேட்டர் (வாயு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), வாயு சிலிண்டர், நிரப்பும் கருவி அனைத்தும் அடங்கிய செட் ஒன்றை இணைய விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கி ஏமாந்தேன். அத்தகைய செட்டை வாங்க எண்ணியிருப்பவர்கள் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுவது நல்லது.

பானத்தை 4 டிகிரி செல்சியஸில் குளிரவைத்து 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு) அழுத்தத்தில் சில நாள்கள் விட்டால், அதன் கொள்ளளவைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வாயு கரையும். அளவான குமிழுக்கு அது போதும். அப்படி வைத்தும், பாட்டிலில் பிடிக்கும்போது பாதிக்கு மேல் நுரையாகவே பொங்கி வழிந்தது. விற்றவரோ, பானத்தில் சர்க்கரை மிகுதி, நொதித்தல் முடியவில்லை என்று பழியைப் பானத்தின்மேல் போட்டார். அந்தக் குளிரில் நொதிக்கவைக்கும் ஈஸ்ட் ஏறக்குறைய முடங்கிக் கிடக்கும் என்பது, இதையே தொழிலாகச் செய்பவருக்குத் தெரியாதா என்ன?

ரெகுலேட்டரை 12இல் நிறுத்தி, வெளிவாய் வால்வை மூடி இரவு முழுவதும் விட்டுப் பார்த்தேன். 12இலேயே நிற்க வேண்டிய முள் காலையில் 25ஐத் தாண்டியிருந்தது. கழற்றியபோது, வாயுவை அடைக்க வேண்டிய ரப்பர் பகுதியில் ஆழமான தடம் விழுந்திருந்தது. மேலே மட்டும் மெருகேற்றிப் புதியதென்று விற்ற பழைய பொருள் அது. அதைவிடக் கொடுமை, அழுத்தம் மிகுந்தால் தானே திறக்க வேண்டிய பாதுகாப்பு வால்வு இருந்த துளையைச் சாதாரணத் திருகாணி ஒன்றால் அடைத்திருந்தார்கள். நுரை போகட்டும், மிகை அழுத்தம் ஏறிய பானத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்தால் அது வெடிக்கவும் கூடும்.

நிரப்பும் கருவியும் சரியில்லை. கெக்கில் உள்ள அழுத்தத்தையே பாட்டிலிலும் முதலில் ஏற்றிவிட்டு, அதை மெல்லக் கசியவிட்டு நிரப்பினால்தான் வாயு பானத்திலேயே தங்கும். இவர் தந்த ரப்பர் அடைப்பானோ பாட்டில் வாயில் பொருந்தாமல் சீறிக்கொண்டே இருந்தது.

சிலிண்டரிலும் வாயு குறைவு. உள்ளே திரவம் சிறிதளவு எஞ்சியிருக்கும்வரை, 20 டிகிரியில் அழுத்தமானி சுமார் 57 பார் (அழுத்த அலகு) என்றே காட்டும் என்பதால், அதை நம்பி வாங்கக்கூடாது. கழுத்தில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்து, உங்கள் எதிரிலேயே எடைபோட்டுத் தரச் சொல்லுங்கள்.

பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று எழுதியதோடு விற்பனையாளர் பதிலளிப்பதையே நிறுத்திவிட்டார். திருகாணி அடைத்த துளையின் படங்களுடன் நுகர்வோர் புகார் அளித்திருக்கிறேன்.