போட்டுக்கு எந்த பேட்டரி: ஆசிடா, லித்தியமா?

நாகப்பட்டினம் பக்கம் போட்டு வச்சிருக்கவங்க இப்ப அடிக்கடி கேக்குறது இதான், ஜிபிஎஸ், ஆழம் பாக்குற எக்கோ சவுண்டர், விஎச்எஃப் ரேடியோ, எல்இடி லைட்டுன்னு எல்லாம் ஏறிப்போச்சு, பழைய ஆசிட் பேட்டரியே போதுமா இல்ல லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போடணுமான்னு.

100 ஏஎச் (ஆம்பியர் அவர், அதாவது பேட்டரி கொள்ளளவு) ஆசிட் பேட்டரில பாதிதான் நம்பி எடுக்கலாம், அதுக்கு மேல இழுத்தா ஆயுசு குறையும். லித்தியத்துல 80 வரைக்கும் தைரியமா எடுக்கலாம், வெயிட்டும் கிட்டத்தட்ட பாதிதான். ஆனா நம்ம விசைப்படகுல இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு, அதோட சுத்துற ஆல்டர்னேட்டர் (கரண்ட் எடுக்குற மெஷின்) சார்ஜ் ஏத்திக்கிட்டே இருக்கும், அப்புறம் அந்த கூடுதல் 30 எதுக்கு? இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பாய்லயே நாள்கணக்கா போற படகுன்னா சோலாரோட லித்தியம்தான், யோசிக்கவே வேணாம்.

லித்தியம் சார்ஜ் ஏறும்போது கரண்ட்டை ஆவேசமா இழுக்கும், நேரா மாட்டினா ஆல்டர்னேட்டர் சூடேறி போயிடும், நடுவுல கரண்ட்டை அளவா விடுற டிசி டு டிசி சார்ஜர் வேணும், அது தனி செலவு. லித்தியத்தோட காவல் சர்க்யூட்டான பிஎம்எஸ் கட் பண்ணா சொல்லாம கொள்ளாம எல்லாம் அணைஞ்சிடும், ஆசிட்ல லைட்டு மங்கி முன்னாடியே காட்டிக்கொடுத்துடும்.

லித்தியம் ஜெயிக்குறது மீன்பிடி தடைக்காலத்துலதான். ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரை 61 நாள் போட்டு சும்மா கெடக்கும், சார்ஜ் இறங்குன ஆசிட் பேட்டரி தகட்டுல சல்பேட் படிஞ்சு செத்துடும், லித்தியத்தை பாதி சார்ஜ்ல கழட்டி வச்சா அப்படியே நிக்கும். நான் சொல்றது ஸ்டார்ட்டிங்குக்கு ஆசிட், காசு இருந்தா கருவிங்களுக்கு லித்தியம்.

உப்புக்காத்துல டெர்மினல் பச்சை பூக்குறது ரெண்டுக்கும்தாங்க, வெள்ளீயம் பூசுன செம்பு வயர் போடுங்க, ஃபியூஸ் பேட்டரிய ஒட்டியே இருக்கட்டும்.