நியமப்பாதைக்கு ஜியோஜீப்ரா: ஒரு டியூஷன் வாத்தியாரின் மதிப்பீடு

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு எடுக்கிறேன். நியமப்பாதை, அதாவது ஒரு நிபந்தனைப்படி நகரும் புள்ளி போகும் பாதை, பற்றிய கணக்கில் "புள்ளியை ஹெச், கே என்று வை, நிபந்தனையை எழுது, கடைசியில் எக்ஸ், ஒய் என்று மாற்று" என்றால் மடமடவென்று எழுதிவிடுவார்கள். எந்தப் புள்ளி நகர்கிறது, எது அதை நகர்த்துகிறது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். அந்த இடத்துக்கு ஜியோஜீப்ரா நல்ல மருந்து. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்குஸ் ஹோகன்வார்ட்டர் தொடங்கிய, வடிவங்களை வரைந்து நகர்த்திப் பார்க்கும் கணித மென்பொருள். வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம்.

நான் எப்போதும் ஏணிக் கணக்கில்தான் ஆரம்பிப்பேன். சுவரில் சாய்த்த 10 அடி ஏணி வழுக்கினால் அதன் நடுப்புள்ளி எப்படிப் போகும்? தரை எக்ஸ் அச்சு, சுவர் ஒய் அச்சு. எக்ஸ் அச்சின் மேல் 'ஏ' என்று ஒரு புள்ளி. அதை மையமாக வைத்து 10 ஆரமுள்ள வட்டம். அது ஒய் அச்சை மேலே வெட்டும் இடம் 'பி'. இரண்டுக்கும் நடுப்புள்ளி 'எம்'. லோகஸ் (நியமப்பாதை) கருவியை எடுத்து முதலில் எம்மைத் தொட வேண்டும், பிறகு ஏவை. வளைவு வந்துவிடும்.

சுவர் மூலையை நோக்கிக் குழிந்து வரும் என்றுதான் பலர் ஊகிப்பார்கள். திரையில் அது மூலையை விட்டு வெளியே புடைத்து நிற்கும். ஏன்? செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் நடுப்புள்ளி செங்கோண முனையிலிருந்து எப்போதும் கர்ணத்தில் பாதித் தூரம். அதாவது 5. ஆகவே பாதை, மூலையை மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு பகுதி. முடிந்தது கணக்கு!

ஏணியை ஏ இடப்பக்கமும் இழுத்துப்போவதால் லோகஸ் கருவி அரைவட்டம் தரும். பாதையின் சமன்பாட்டைக் கேட்கும் 'லோகஸ் ஈக்வேஷன்' கட்டளையோ தரைக்குக் கீழேயும் சேர்த்து முழு வட்டத்தைத் தரும். நிஜ ஏணிக்கோ கால் வட்டம்தான். இதை மென்பொருளின் குறை என்று சொல்ல மாட்டேன். சமன்பாடு வேறு, பாதை வேறு என்று காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

உண்மையான சங்கடம் வேறு. லோகஸ் ஈக்வேஷன் கட்டளை ஸ்லைடரை (இழுத்து எண்ணை மாற்றும் பட்டையை) ஏற்காது, நகர்த்துவது ஒரு புள்ளியாகவே இருக்க வேண்டும். லோகஸ் கருவிக்கு அந்தக் கெடுபிடி இல்லை. ஆனால் 6 அலகு இடைவெளியில் இரு புள்ளிகள், ஒன்றிலிருந்து தூரம் மற்றதைப் போல இருமடங்கு என்ற கணக்கில் தூரத்தை ஸ்லைடரில் வைத்து இரு புள்ளிகளையும் மையமாகக் கொண்டு வட்டங்கள் போட்டால், அவை வெட்டும் இரு புள்ளிகளுக்கும் தனித்தனியே லோகஸ் போட வேண்டும். ஒன்றோடு விட்டால் 4 ஆரமுள்ள வட்டத்தில் பாதிதான் கிடைக்கும்.

போனிலும் ஓடும், ஆனால் விரலால் சரியான புள்ளியைத் தொடுவதற்குள் பொறுமை போய்விடும். மடிக்கணினியே மேல்.