டேக்கில் பணம் இருந்தும் மூன்று மடங்கு கட்டணம்: டோல்கேட்டில் கவனம்

டோல்கேட்டில் இருக்கும் ஸ்கேனர் கெட்டுப்போய் உங்கள் ஃபாஸ்டேக்கைப் படிக்கவில்லை, ஆனால் டேக் செல்லுபடியாகிறது, அதில் போதுமான பணமும் இருக்கிறது என்றால் நீங்கள் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. இது மத்திய அரசே அரசிதழில் போட்ட விதி. மீதியைப் படிக்க நேரம் இல்லாதவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கிளம்பலாம். நேரம் இருப்பவர்கள் என் புலம்பலையும் கேளுங்கள்.

பொங்கல் முடிந்து திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்னைக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு சுங்கச்சாவடி, பெயர் வேண்டாம். ஊரே திரும்புகிற நாள், எல்லா லேனிலும் வரிசை. எங்கள் முறை வந்ததும் தடுப்பு தூக்கவில்லை. பூத்திலிருந்து ஒரு பையன் இறங்கி, கையில் பிடித்துப் படிக்கும் மெஷினை டேக்கின் மேல் வைத்துப் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். பீப் சத்தமே வரவில்லை. அந்த மெஷினுக்கு பேட்டரி மூடி கிடையாது. பேட்டரி விழாமல் இருக்க இரண்டு ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். கோடிக்கணக்கில் வசூல் ஆகிற இடம்.

"டேக் பிளாக்லிஸ்ட் சார். டபுள் கட்டுங்க."

வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைக் காட்டினேன். 'ஆக்டிவ்' என்று பச்சை எழுத்தில் இருந்தது. முந்தைய டோலில் இதே டேக்கிலிருந்து பணம் போனதற்கான குறுஞ்செய்தியையும் காட்டினேன்.

"அது அங்க சார். இங்க எடுக்கல."

சரி, யுபிஐயில் கட்டுகிறேன் தம்பி என்றேன். டேக் செல்லாத வண்டி ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு, யுபிஐயில் கட்டினால் ஒன்றே கால் மடங்கு என்று 2025 நவம்பர் 15 அன்று விதி வந்திருந்தது. பையன் அசரவில்லை. "நெட்வொர்க் இல்ல சார், கேஷ் மட்டும்தான்." அதே இடத்தில் என் போனில் வங்கி ஆப் எப்படித் திறந்ததாம்? கேட்க வாயெடுப்பதற்குள் பின்னால் நின்ற ஆம்னி பஸ் ஹாரனில் கை வைத்துவிட்டது. "குடுத்துட்டுக் கிளம்புப்பா, பஸ்காரன் கத்துதான்" என்று பின் சீட்டிலிருந்து அம்மா. 90 ரூபாய்க்குப் பதில் 180 ரூபாய் கொடுத்தேன். தடுப்பு உடனே தூக்கியது. ரொக்கத்தைப் பார்த்ததும் அந்த இயந்திரத்துக்கு உயிர் வந்துவிடுகிறது.

விழுப்புரம் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது குறுஞ்செய்தி வந்தது. அதே டோல், நாங்கள் அங்கே நின்ற அதே நேரம், டேக்கிலிருந்து 90 ரூபாய் கழிக்கப்பட்டிருக்கிறது. ஆக 90 ரூபாய் ரோட்டுக்கு 270 ரூபாய். பிளாக்லிஸ்ட் ஆன டேக்கிலிருந்து பணம் எப்படிப் போகும்? பணம் போயிருக்கிறது என்றால் டேக் நன்றாக இருக்கிறது. டேக் நன்றாக இருந்தால் அபராதம் எதற்கு? இந்தக் கணக்கை நான் அன்று முதல் பலரிடம் கேட்டுவிட்டேன்.

நெடுஞ்சாலைகளின் உதவி எண் 1033. அங்கே பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, டேக் கொடுத்த வங்கியிடம் பேசச் சொன்னார்கள். வங்கியோ, ரொக்கமாகக் கட்டியதற்கு நாங்கள் பொறுப்பில்லை, டோல்காரரைக் கேளுங்கள் என்றது. டோல் மேனேஜர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "சார், உங்க ரசீதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க." படித்தேன். 'ஃபாஸ்டேக் இல்லாத வண்டி' என்று அச்சாகியிருந்தது. கண்ணாடியில் டேக் ஒட்டியிருக்க, மெஷினை வைத்து அதைத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டு, கணினியில் டேக்கே இல்லை என்று பதிந்திருக்கிறார்கள். இனி அந்தத் துண்டுச் சீட்டுதான் எனக்கு எதிரான சாட்சி. நடுவில் வங்கி, காரை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுத்து, ஆர்சி புத்தகத்தோடு அனுப்பச் சொன்னது. கார் என்னுடையதுதானா என்பதில் சந்தேகமாம். பணம் கழிக்கும்போது அந்தச் சந்தேகம் யாருக்கும் வரவில்லை.

கடைசியில் டேக்கில் போன 90 ரூபாய் திரும்பி வந்தது. ரொக்கம் 180 வரவில்லை, வரவும் வராது.

இப்போது அந்த விதிக்கு வருகிறேன். 2018 மே மாதம் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளைத் திருத்தினார்கள். டேக் செல்லுபடியாகி, அதில் போதுமான பணம் இருந்து, சாவடியின் கருவிக் கோளாறால் கட்டணம் எடுக்க முடியாமல் போனால், வண்டியைக் கட்டணமின்றி விட வேண்டும். பூஜ்ஜியம் ரூபாய்க்கு ஒரு ரசீதும் கட்டாயம் தர வேண்டும். எந்த டோல்கேட்டிலாவது இதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? யார் யாருக்கு விலக்கு என்ற பலகை மட்டும் தவறாமல் இருக்கும். குடியரசுத் தலைவரில் தொடங்கி மந்திரிகள், எம்பிக்கள் என்று இறங்கி, சொந்த மாநிலத்துக்குள் போகிற எம்எல்ஏ வரை வரும். ஆம்புலன்ஸுக்கும் ராணுவத்துக்கும் விலக்கு கொடுப்பது நியாயம். டோல் கட்டணம் எவ்வளவு, சாவடி எங்கே என்று முடிவு செய்கிற இடத்தில் இருப்பவர்களும் அதே பலகையில் இருப்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது. ஸ்கேனர் கெட்டுப்போவது என்றால் என்னவென்றே தெரியாத பாக்கியவான்கள் அவர்கள்.

டபுள் ரொக்கத்தின் மேல் அந்தப் பையனுக்கு ஏன் அவ்வளவு பிரியம் என்று யோசித்தபோது ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் உத்தரப் பிரதேசச் சிறப்புக் காவல் படை மிர்சாபூர் மாவட்டத்தில் அத்ரைலா சிவ்குலாம் என்ற டோலில் சோதனை போட்டது. டேக் இல்லாமல் வரும் வண்டிகளிடம் இரண்டு மடங்கு வாங்கி, அதைத் தனி மென்பொருளில் பதிந்திருக்கிறார்கள். ரசீது அசல் மாதிரியே வரும். பணம் மட்டும் அரசாங்கக் கணக்கைத் தொடாது. விசாரணை விரிந்து, தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 14 வசூல் நிறுவனங்களை ஒப்பந்தங்களிலிருந்து விலக்கிவைத்தது. எத்தனை காலத்துக்கு? இரண்டு வருடம். என் டோலிலும் அதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் இரண்டு மடங்கு ரொக்கம் வாங்குகிற இடத்தில் ஆசை எப்படி வேலை செய்யும் என்பதற்கு மிர்சாபூர் போதும். இந்த நிறுவனங்கள் அரசுக்கு இவ்வளவு கட்டுகிறேன் என்று ஏலத்தில் தொகை சொல்லித்தான் வசூல் உரிமை வாங்குகின்றன. அதற்கு மேல் வருவதுதான் லாபம். அந்த மேலே வரும் பணம் என் சட்டைப் பையிலிருந்துதான் வர வேண்டும், வேறெங்கிருந்து வரும்?

தனியாரை மட்டும் திட்டுவது அநியாயம். தென்னிந்திய டோல்களை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023இல் அறிக்கை கொடுத்தார். ஐந்து சாவடிகளில் மட்டும், விதிக்குப் புறம்பாக மக்களிடம் வாங்கியது 132.05 கோடி ரூபாய். செங்கல்பட்டுப் பக்கத்தில் இருக்கும் நம் பரனூரும் பட்டியலில் உண்டு. சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜிஎஸ்டி ரோட்டில் போகிறவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. அந்த 132 கோடியில் என் பங்கு என்று யாரும் எனக்கு எஸ்எம்எஸ் அனுப்பவில்லை.

இனி நம் மாண்புமிகுக்கள். 60 கிலோமீட்டருக்குள் இரண்டு டோல் கூடாது என்பது 2008 விதி. காரணத்தை எழுத்தில் பதிவு செய்தால் வைத்துக்கொள்ளலாம் என்று அதே விதியில் ஒரு சந்தும் உண்டு. 2022 மார்ச்சில் மத்திய நெடுஞ்சாலை அமைச்சர் நிதின் கட்கரி மக்களவையில், 60 கிலோமீட்டருக்குள் இருக்கும் கூடுதல் சாவடிகள் மூன்று மாதத்தில் மூடப்படும் என்றார். மேஜை தட்டும் சத்தம் பலமாக இருந்தது. பரனூரைத் தாண்டி ஆத்தூர் டோல் வருகிறதே, இரண்டுக்கும் நடுவே 60 கிலோமீட்டர் இருக்கிறதா என்று வண்டியின் மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 ஏப்ரல் 1 அன்று கட்டணம் உயர்ந்திருக்க வேண்டும். மக்களவைத் தேர்தல் என்பதால் தள்ளிவைத்தார்கள். மக்கள் மேல் அவ்வளவு கரிசனம். கடைசிக் கட்ட வாக்குப்பதிவு ஜூன் 1. கட்டணம் உயர்ந்தது ஜூன் 3. வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. யார் ஜெயித்தார்கள் என்று தெரிவதற்கு ஒரு நாள் முன்பே, தோற்றது யார் என்று தெரிந்துவிட்டது.

சரி, மத்தியில் இருப்பவர்கள் அப்படி, நம்மவர்கள்? அதே தேர்தலில் தி.மு.க. அறிக்கை, தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளை முற்றிலும் அகற்றுவோம் என்றது. கேட்க இனிக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியில் வசூல் நடத்துவது எந்த நிறுவனம்? தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம், மாநில அரசுக்குப் பங்கு உள்ள நிறுவனம். பழைய மகாபலிபுரம் சாலையில் 2021இல் நான்கு சாவடிகளை நிறுத்தினார்கள், அதை மறுக்கவில்லை. டில்லி வசூலித்தால் கொள்ளை, நாம் வசூலித்தால் மேம்பாடு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அரசுப் பேருந்து விவகாரம். கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய நான்கு டோல்களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பாக்கி வைத்த தொகை சுமார் 276 கோடி. டோல் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2025 ஜூலை 10 முதல் இந்த நான்கு சாவடிகள் வழியாக அரசுப் பேருந்துகளை விடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசு ஓடிப்போய் முறையிட்டதும் அவகாசம் கிடைத்தது. பேருந்து நின்றால் கஷ்டப்படப்போவது ஜனங்கள்தான், அதனால் அவகாசம் கொடுத்தது சரியே. ஆனால் 276 கோடி பாக்கி வைத்தவருக்குத் தடுப்பு தானாகத் தூக்குகிறது. டேக்கில் பணம் வைத்திருக்கிறவனுக்கு அபராதம்.

ரோடாவது நன்றாக இருக்கிறதா? மதுரை-தூத்துக்குடிச் சாலையைப் பராமரிக்கவில்லை என்று எலியார்பத்தி, புதூர்பாண்டியாபுரம் டோல்களில் வசூலிக்க 2025 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. அதே உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் கேரளத்தின் பாலியேக்கர டோல் வழக்கில், 65 கிலோமீட்டர் போக 12 மணி நேரம் ஆகிறது என்றால் மக்கள் எதற்காக 150 ரூபாய் கட்ட வேண்டும் என்று கேட்டது. அங்கே கேரள உயர் நீதிமன்றம் நிறுத்திய வசூல் அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. நம் பக்கத்துக் குழிகள் அந்த அளவுக்கு ஆழம் போதவில்லை போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேனர் படிக்கவில்லை என்றால் பூத்துப் பையனோடு சண்டை வேண்டாம், அவன் மாதச் சம்பளக்காரன். ஷிஃப்ட் மேனேஜரைக் கூப்பிடுங்கள். ஆப்பில் டேக்கின் நிலை, இருப்பு இரண்டும் தெரிகிற மாதிரி அந்த இடத்திலேயே திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், மணி தெரிய வேண்டும். முடிந்தால் அவர்களின் மெஷின் டேக்கின் மேல் வைக்கப்படுவதை வீடியோ எடுங்கள். பிற்பாடு 'டேக்கே இல்லை' என்று எழுத முடியாது. "2018 திருத்தத்தின்படி ஜீரோ ரசீது கொடுங்க" என்று சொல்லுங்கள். ஹாரன் சத்தத்துக்கு மசிய வேண்டாம், வரிசை நிற்பதற்குக் காரணம் அவர்களின் மெஷின். பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

வீட்டில் நிற்கிற காருக்கு டோல் பிடித்ததாகச் செய்தி வருகிறவர்களும் இருக்கிறார்கள். யாரோ வண்டி எண்ணைக் கையால் தட்டும்போது வருகிற கோளாறு அது, அல்லது கோளாறு என்று சொல்லப்படுவது. இப்படித் தவறாகப் பிடிக்கும் ஒவ்வொரு முறைக்கும் டோல் நடத்துபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அதனால் 90 ரூபாய்தானே என்று விடாதீர்கள். 1033இல் சொல்லி, வங்கியிலும் எழுத்தில் கொடுத்து, இரண்டு புகார் எண்களையும் வாங்கி வையுங்கள். என் புகாரில் யாருக்காவது அபராதம் போட்டார்களா என்று கேட்டிருக்கிறேன். உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்று பதில் வந்திருக்கிறது.